உப்பு லாரியில் தீராத சென்சார் கோளாறு: இ.சி.எம். மாற்றுவதற்கு முன் 5 வோல்ட்டைப் பாருங்கள்

கேள்வி: திருமங்கலம் பக்கம் 12 சக்கர பி.எஸ்.6 லாரி வைத்திருக்கிறேன். தூத்துக்குடியில் உப்பு ஏற்றி மதுரை, திண்டுக்கல் வரை ஓட்டம். விடியற்காலையில் வண்டியை எடுத்தால் செக் லேம்ப் எரிந்து இழுவை போய்விடுகிறது. ஸ்கேனரில் கோளாறு கோடு (code) எஸ்.பி.என். 102, எஃப்.எம்.ஐ. 4 என்று வருகிறது. பூஸ்ட் சென்சாரை இரண்டு தடவை மாற்றியாயிற்று. சில நாள் டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) பிரஷர் சென்சார் கோடும் கூடவே வருகிறது. அது பழைய கோடு என்று அழித்துவிடுகிறார்கள். பகலில் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் எதுவும் வருவதில்லை. இப்போது இ.சி.எம். (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்:

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. விடியலில் வருகிறது, பகலில் மறைகிறது, இரண்டு சென்சார் சேர்ந்து விழுகிறது, ஏற்றுவது உப்பு. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் லைன் மேல்தான் விழுகிறது. இ.சி.எம். அந்த வரிசையில் கடைசி. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதையும், அளந்து எப்படி உறுதி செய்வது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் கோடு. எஸ்.பி.என். எதில் கோளாறு என்று சொல்லும் எண்; எஃப்.எம்.ஐ. என்ன விதமான கோளாறு என்று சொல்லும் எண். எஸ்.பி.என். 102 என்பது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட். எஃப்.எம்.ஐ. 4 என்பது வோல்ட் இருக்க வேண்டிய அளவைவிடக் கீழே இருக்கிறது, அல்லது எர்த் பக்கம் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். இதில் எங்கேயும் ‘சென்சார் கெட்டுவிட்டது’ என்ற செய்தி இல்லை. இ.சி.எம்.முக்குத் தெரிவது தன் பின்னில் (வயர் சொருகும் முனையில்) வந்து நிற்கும் வோல்ட் மட்டும். அந்தப் பின்னுக்கும் சென்சாருக்கும் நடுவே வயர், கப்ளர் (வயர்களைச் சொருகி இணைக்கும் கூடு), ஜாயின்ட் எல்லாம் இருக்கின்றன. அவற்றில் எது பழுதானாலும் இதே கோடு விழலாம். எஃப்.எம்.ஐ. 3 வந்திருந்தால் வோல்ட் மேலே ஏறிவிட்டது என்று பொருள். தேட வேண்டிய இடமே வேறாகிவிடும். ஆகவே கோடைக் குறித்து வைக்கும்போது எஸ்.பி.என்.னோடு நின்றுவிடாமல் எஃப்.எம்.ஐ.யையும் எழுதச் சொல்லுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வேலைக்கு உதவும் பாதி விவரம் அந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது.

இழுவை போவதற்கும் இதுதான் காரணம். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று நம்பகமாகத் தெரியாதபோது இ.சி.எம். டீசலைக் குறைத்து எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்கிறது. டர்போவையோ டீசல் பம்பையோ பிரித்துப் பார்க்க இதில் ஒன்றுமில்லை.

பூஸ்ட் சென்சாருக்கு அடிப்படையாக மூன்று வயர். ஒன்றில் இ.சி.எம். 5 வோல்ட் கொடுக்கிறது, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். காற்றின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் வகையாக இருந்தால் நான்காவதாக ஒரு வயர் இருக்கும். அழுத்தம் ஏற ஏற சிக்னல் சுமார் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை ஏறும். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது ஸ்கேனரில் பூஸ்ட் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தை ஒட்டி இருப்பதால் இங்கே 100 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் நிற்கும். கொடைக்கானல் ஏறினால் அது 80-க்கு அருகே இறங்கிவிடும். சில ஸ்கேனர்கள் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துப் பூஜ்யத்திலிருந்து காட்டும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பகலில் இந்த எண் சரியாக இருந்து, விடியலில் அடிமட்டத்துக்குப் போனால், அப்போதே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இப்போது அழித்துவிட்டார்களே, அந்த டி.பி.எஃப். கோடு. என் கணக்கில் உங்கள் வண்டி கொடுத்திருக்கும் மிக முக்கியமான தடயம் அதுதான். பூஸ்ட் சென்சார் எஞ்சின் மேல் இருக்கிறது, டி.பி.எஃப். பிரஷர் சென்சார் சேஸ் (அடிச்சட்டம்) பக்கம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு இடம், வேறு வேறு வேலை. இரண்டும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தால், இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். இ.சி.எம். ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனி 5 வோல்ட் கொடுப்பதில்லை. ஒரு பின்னிலிருந்து கிளம்பும் வயர் வயரிங்குக்குள்ளே ஜாயின்ட் போட்டுப் பல சென்சாருக்குப் பிரிகிறது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் இரண்டு வயல் மாதிரி. கரை உடைந்த இடம் எதுவானாலும் இரண்டு பயிரும் சேர்ந்தே வாடும். எந்தெந்த சென்சார் ஒரே 5 வோல்ட்டில் இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டியின் வயரிங் டயகிராமைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது வீண்செலவு. ஸ்கேனரில் எஸ்.பி.என். 3509, 3510 இவற்றில் ஏதாவது ஒன்று எப்போதாவது வந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவை சென்சார்களுக்குக் கொடுக்கும் சப்ளை வோல்ட்டைப் பற்றிய கோடுகள்.

கோடுகளை அழிப்பதற்கு முன் அதோடு பதிவான விவரத்தையும் பாருங்கள். கோடு விழுந்த நேரத்தில் எஞ்சின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, எத்தனை தடவை வந்தது என்று பெரும்பாலான இ.சி.எம். எழுதி வைத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் கூலன்ட் சூடு 30 டிகிரியை ஒட்டியே இருந்தால், இரவு முழுக்க நின்று காலையில் எடுத்த வண்டியில்தான் இது வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஏன் விடியலில் மட்டும்? உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பளத்திலிருந்து நேராக வரும் கழுவாத உப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருக்கும்; அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். லோடிலிருந்து சொட்டிய உப்புத்தண்ணீர் சேஸில் காய்ந்து, கப்ளருக்குள்ளும் வயரிங் குழாய்க்குள்ளும் மெல்லிய படலமாக நிற்கிறது. இரவில் கப்பலூர் பக்கம் வண்டியை நிறுத்தினால் பின்னிரவுப் பனியில் அந்தப் படலம் ஈரமாகிறது. ஈரமான உப்பு கரன்ட்டைக் கடத்தும். காலை பத்து மணி வெயிலும் எஞ்சின் சூடும் ஏறியதும் காய்ந்துவிடுகிறது. காய்ந்த உப்பு கடத்தாது. நீங்கள் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும் நேரத்தில் கோளாறு அங்கே இருப்பதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொல்லை கூடி சித்திரையில் குறைந்ததா என்று நினைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

வெறும் ஈரம் மட்டும் 5 வோல்ட்டைச் சாய்த்துவிடுவது அரிது. இ.சி.எம். அந்தச் சின்னக் கசிவுக்குத் தேவையான கரன்ட்டைத் தாங்கிக்கொள்ளும். அதோடு இன்னொன்றும் சேர வேண்டும்: பச்சை பூத்த பின் அல்லது ஜாயின்ட். ஈரத்தில் கரன்ட் கசியும்போது பாசிட்டிவ் பக்கத்துச் செம்புதான் கரைகிறது. அதனால்தான் ஒரு கப்ளரைத் திறந்தால் 5 வோல்ட் பின் பச்சையாகவும் பக்கத்து எர்த் பின் ஓரளவு சுத்தமாகவும் இருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பச்சை, வழியில் ஒரு தடையாக உட்கார்ந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்த மாதிரி சென்சார் ஒன்று சுமார் 10 மில்லியாம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 20. பச்சை பூத்த ஜாயின்ட்டில் 100 ஓம் தடை இருந்தால் அங்கேயே 2 வோல்ட் போய்விடும்; சென்சாருக்குக் கிடைப்பது 3 வோல்ட்தான். ஈரக் கசிவும் சேர்ந்து இன்னொரு 10 மில்லியாம்பியரை இழுத்தால் மிஞ்சுவது 2 வோல்ட். அந்த அளவில் சென்சார் ஒழுங்காக இயங்காது, சிக்னல் கீழே விழுந்துவிடும். இப்போது கப்ளரைக் கழற்றி, 5 வோல்ட் பின்னில் மல்டிமீட்டர் வைத்தால் என்ன காட்டும்? சென்சார் இல்லை, இழுக்கும் கரன்ட் இல்லை, தடையில் விழும் வோல்ட்டும் இல்லை. காய்ந்த நேரமாக இருந்தால் முழு 5 வோல்ட்டும் காட்டும். ‘சப்ளை சரியாக வருகிறது, சென்சார்தான் போய்விட்டது’ என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். உங்கள் இரண்டு சென்சாரும் இப்படித்தான் மாற்றப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே கப்ளர் மாட்டியிருக்கும்போதே அளக்க வேண்டும். கப்ளரின் பின்பக்கம், வயர் உள்ளே போகும் ரப்பர் சீலை ஒட்டி மெல்லிய ப்ரோபை நுழைத்தால் பின்னைத் தொடும். வயரின் மேல் குண்டூசியைக் குத்திப் பார்க்கும் வழக்கத்தை, குறிப்பாக உப்பு வண்டியில், யாரையும் செய்ய விடாதீர்கள். அந்த ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போய், இழைகளுக்கு நடுவே வெகுதூரம் ஊறிக்கொண்டே போகும். மேலே உறை பளபளவென்று இருக்கும். உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகியிருக்கும். இரண்டு தடவை சென்சார் மாற்றிய வண்டியில் யாராவது ஏற்கெனவே குத்தியிருக்க வாய்ப்பு அதிகம். சென்சாரிலிருந்து ஒரு முழம் தூரத்துக்கு வயரை விரலால் அழுத்திப் பாருங்கள். ஏதாவது ஓர் இடம் மட்டும் விறைப்பாகவோ கொழகொழவென்றோ இருந்தால் அங்கே வெட்டித் திறக்கலாம்.

அளவு எடுக்க வேண்டிய நேரம் விடியற்காலை. எலக்ட்ரீஷியன் உங்கள் வண்டி நிற்கும் இடத்துக்கு ஐந்து மணிக்கு வர வேண்டும். அதற்குக் கூடுதலாகக் கூலி கேட்டால் கொடுங்கள், ஒரு சென்சார் விலையில் அது சிறு பங்கு. செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் போட்டு, கோடு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பூஸ்ட் சென்சாரின் 5 வோல்ட் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளக்கவும். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே இருக்க வேண்டும். அடுத்து அதே 5 வோல்ட் பின்னுக்கும் சென்சாரின் எர்த் பின்னுக்கும் நடுவே. முதல் அளவு சரியாக இருந்து இரண்டாவது குறைந்தால் பழுது எர்த் வழியில். இரண்டும் குறைந்தால் 5 வோல்ட் வழியில்.

5 வோல்ட் வழிதான் என்று தெரிந்தால், அதே நேரத்தில் இ.சி.எம். கப்ளரின் 5 வோல்ட் பின்னையும் பின்பக்கமாக அளக்க வேண்டும். முடிவு சொல்லப் போவது இந்த அளவுதான். இ.சி.எம். பின்னில் 5 வோல்ட் நிற்கிறது, சென்சாரில் 3 என்றால், நடுவில் உள்ள பின், ஜாயின்ட், வயர் இவற்றில் ஒன்று தடை, இ.சி.எம். மேல் குற்றமே இல்லை. இ.சி.எம். பின்னிலேயே வோல்ட் விழுந்திருந்தால், எங்கோ அதிகமாக இழுக்கிறது என்று பொருள். அப்போது அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் வோல்ட் நிமிர்கிறதோ, அந்த சென்சார் அல்லது அந்தக் கப்ளர்தான் ஆள். உங்கள் வண்டியில் அது டி.பி.எஃப். பக்கத்துக் கப்ளராக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது; லோடிலிருந்து சொட்டும் தண்ணீர் நேராக விழுவது சேஸ் பக்கம்தான். கோடு பூஸ்ட் பெயரில் வந்தாலும் பழுது டி.பி.எஃப். பக்கம் இருக்கலாம் என்பதை ஒர்க்‌ஷாப்பில் அழுத்திச் சொல்லுங்கள்.

எல்லா சென்சாரையும் கழற்றிய பிறகும் வோல்ட் எழவில்லை என்றால் வயர் எங்கோ உரசி சேஸைத் தொடலாம். சாவியை எடுத்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றி, இ.சி.எம். கப்ளரையும் பிரித்துவிட்டு, அந்த வயருக்கும் சேஸுக்கும் நடுவே ஓம் பாருங்கள். மீட்டர் ‘ஓபன்’ என்று காட்ட வேண்டும். சில நூறு ஓமோ சில ஆயிரம் ஓமோ காட்டி, எண் நிற்காமல் ஏறி இறங்கினால் அது ஈர உப்பின் அடையாளம். ரேடியேட்டர் பிராக்கெட், கேபின் சாயும் இடம், சேஸ் குறுக்குச் சட்டத்தில் கிளிப் உடைந்த இடம் ஆகியவற்றில் உரசல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

5 வோல்ட்டும் எர்த்தும் கோடு நிற்கும் நேரத்திலேயே சரியாக இருந்தால் மட்டும் சிக்னல் வயருக்கு வாருங்கள். சென்சாரைக் கழற்றி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் பின்னையும் சிக்னல் பின்னையும் இணைத்தால் ஸ்கேனரில் அளவு மேலே பாய வேண்டும், எஃப்.எம்.ஐ. 4 போய் 3 வர வேண்டும். பாய்ந்தால் வயரும் இ.சி.எம்.மும் நலம், அப்போது சென்சாரைச் சந்தேகிக்கலாம். 24 வோல்ட் வயரை இந்தப் பின்களில் தவறியும் தொடவிடாதீர்கள். டெஸ்ட் லேம்ப் வைத்து இ.சி.எம். பின்னைத் தொடுவதும் கூடாது.

விடியலில் ஆள் கிடைக்காவிட்டால் பகலில் கோளாறை வரவழைக்கலாம். சாவியைப் போட்டு, ஸ்கேனரில் பூஸ்ட் அளவைத் திறந்து வைத்துக்கொண்டு, கைத் தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஒரு கப்ளர் மேல் மட்டும் தெளித்துச் சற்று நேரம் காத்திருங்கள். உப்பு ஏற்கெனவே உள்ளே இருப்பதால் தண்ணீர் போதும். எண் ஆடவில்லை என்றால் அடுத்த கப்ளர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டால் எது என்று கடைசிவரை தெரியாது.

பழுதான இடம் கிடைத்ததும் செய்யும் வேலையில் அவசரம் வேண்டாம். உப்புத்தாள் போட்டுப் பின்னைத் தேய்த்தால் மேலே உள்ள பூச்சு போய்விடும். அடுத்த மழையில் இன்னும் வேகமாகப் பச்சை பூக்கும். பின்னையும் அதன் ரப்பர் சீலையும் புதிதாகப் போடுவதுதான் சரி. வயரை, செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போங்கள்; கறுத்த செம்பில் ஜாயின்ட் போட்டால் நிற்காது. சரியான கிரிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் மூட வேண்டும். வெறும் இன்சுலேஷன் டேப் உப்பு வண்டிக்கு ஆகாது. ஈயம் வைத்துப் பற்றினால் அதிர்வில் பற்றின் விளிம்பில் இழைகள் முறியும் என்பதால் சேஸ் வயரிங்கில் நான் கிரிம்பைத்தான் சொல்வேன். கப்ளருக்குள் சேஸ் கிரீஸை அப்புகிறார்கள். அது ரப்பர் சீலை ஊதிப் போகச் செய்யும். சிலிக்கான் கிரீஸை சீலின் மேல் மெல்லியதாகத் தடவினால் போதும்.

அதே நாளில் எர்த் வழியையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினிலிருந்து சேஸுக்கு வரும் பட்டை எர்த்தும், பேட்டரி நெகட்டிவ் சேஸில் போல்ட் ஆகும் இடமும் உப்பு லாரியில் சீக்கிரம் அரிக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவிழ்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கே பஸ்ஸர் சத்தத்தை நம்ப வேண்டாம். ஒரே ஓர் இழை பிழைத்திருந்தாலும் மீட்டர் ‘பீப்’ அடிக்கும், ஆனால் அந்த இழை கரன்ட் தாங்காது. சென்சாரும் இ.சி.எம்.மும் இரண்டு முனையிலும் கழற்றப்பட்ட வயரில் 24 வோல்ட் 5 வாட் பல்பை எரியவிட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. அது சுமார் 0.2 ஆம்பியர் இழுக்கும். பல்பு மங்கினால் வயரில் தடை இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இ.சி.எம்.தான் என்று சொன்னால், நிரூபித்துக் காட்டச் சொல்லுங்கள். நிரூபணம் எளிது. இ.சி.எம். கப்ளரிலிருந்து அந்த 5 வோல்ட் பின்னை மட்டும் வயரோடு வெளியே எடுத்துவிட வேண்டும். அதாவது வெளி வயரிங் எதுவும் அதில் தொடக்கூடாது. மற்றதெல்லாம் மாட்டி, சாவி போட்டு, இ.சி.எம். பக்கத்துப் பின்னில் அளந்தால் 5 வோல்ட் வர வேண்டும். வந்தால் இ.சி.எம். நல்லது. இ.சி.எம்.முக்கு வரும் 24 வோல்ட்டும் அதன் எர்த்தும் கரன்ட் இழுக்கும்போதும் சரியாக இருந்தும் அங்கே 5 வோல்ட் வரவில்லை என்றால், அப்போது மாற்றுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். பெரும்பாலான இ.சி.எம்.களில் 5 வோல்ட் லைன் எர்த்தோடு ஷார்ட் ஆனாலும் தாங்கும். ஷார்ட்டை நீக்கியதும் திரும்ப வந்துவிடும். ஆனால் பாடியில் வெல்டிங் வைத்தபோது பேட்டரியைக் கழற்றாமல் விட்டிருந்தால் இ.சி.எம். அடிபட்டிருக்க வாய்ப்புண்டு. சமீபத்தில் தார்ப்பாய்க் கொக்கியோ டோர் கீலோ பற்றவைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இனி வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இரண்டு டெர்மினலையும் இ.சி.எம். கப்ளர்களையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

பழுது தீர்ந்த பின் ஒவ்வொரு உப்பு லோடு இறக்கியதும் சேஸை நல்ல தண்ணீரில், குறைந்த அழுத்தத்தில் அலசிவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் அதிவேகத் துப்பாக்கியைக் கப்ளர்களுக்கு நேரே பிடித்தால் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும், இ.சி.எம். பக்கமும் டி.பி.எஃப். சென்சார் பக்கமும் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். லோடு ஏற்றுவதற்கு முன் பாடித் தளத்தில் தடித்த தார்ப்பாலின் விரித்து, ஓரங்களை மேலே மடித்துக் கட்டினால் சேஸில் சொட்டுவது பெருமளவு குறையும். விடியலில் எடுத்த அளவுகளை, சென்சார் முனையில் ஒன்று, இ.சி.எம். முனையில் ஒன்று, எர்த் ஒன்று என்று எழுதி அனுப்புங்கள். எந்த ஜாயின்ட்டைத் திறப்பது என்று அடுத்து பார்ப்போம்.